மழை விட்டதும் வீட்டுக்கு வீடு காய்ச்சல்: தண்ணீரா, கொசுவா, மணலா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சிலர் தண்ணீர் சரியில்லை என்கிறார்கள். சிலர் கொசு என்கிறார்கள். இன்னும் சிலர் கடற்கரை மணலின் கதிர்வீச்சு என்கிறார்கள். எது உண்மை? ஆராய்ந்து உறுதிசெய்த வழி ஏதாவது இருக்கிறதா, இல்லை ஆளாளுக்கு ஒன்று சொல்வதுதானா?"

உறுதிசெய்த வழிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்த மூன்று பேர் சொன்னதையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் பிடிபடாது. கொசு பரப்புவது ஒரு வகை, தண்ணீர் பரப்புவது இன்னொரு வகை, சேற்றில் காத்திருக்கும் எலிக்காய்ச்சல் மூன்றாவது வகை. ஒவ்வொன்றும் போகும் தூரம் வேறு. சிலவற்றை உங்கள் அடுக்களையிலேயே நிறுத்திவிடலாம். சிலவற்றைத் தெரு முழுக்கச் சேர்ந்தால்தான் நிறுத்த முடியும். சுகாதார ஆய்வாளராக இந்த மாவட்டத்தில் பல வருடங்கள் அலைந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெளிவானது இதுதான்: நோய் எவ்வளவு தூரம் போகிறதோ, தடுப்பும் அவ்வளவு தூரம் போக வேண்டும். ஊர் முழுக்கச் செய்ய வேண்டியதை ஒரு வீடு மட்டும் செய்துவிட்டு, "எல்லாம் செய்தும் காய்ச்சல் வந்துவிட்டதே" என்று சோர்ந்து போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நம் ஊரின் அமைப்பைப் பாருங்கள். நமக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது அதனால்தான். கொசுவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அதே கணக்கில் இரண்டு பருவம் கிடைக்கிறது. அப்புறம் நெருக்கம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் 1,111 பேர், மாநில சராசரியோ 555. பத்து சென்ட் புரையிடத்துக்குள் (வீட்டு மனைக்குள்) வீடு, கிணறு, கழிப்பறைக் குழி, நாலு தென்னை, கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி) எல்லாம் இருக்கும். என் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மண்ணுக்கு அடியில் அந்த மதிலும் கிடையாது.

கொசுவிலிருந்து தொடங்குகிறேன். மேற்குப் பக்கத்தில், விளவங்கோடு, கல்குளம், திருவட்டார் ரப்பர் விளைகளில் (தோட்டங்களில்), மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுவிடும். மரத்தில் கட்டிய சிரட்டையும் பிளாஸ்டிக் கப்பும் நிமிர்ந்தபடியே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கை அளவு மழைத்தண்ணீர் நிற்கும். ஒரு விளையில் நூற்றுக்கணக்கான மரங்கள். காலில் வெள்ளைக் கோடு போட்ட ஏடிஸ் கொசுவில் இரண்டு வகை உண்டு. வீட்டுக்குள் தொட்டியிலும் டிரம்மிலும் வளர்வது ஏடிஸ் எஜிப்டி. தோட்டத்தில் சிரட்டையிலும், அன்னாசி இலை இடுக்கிலும், விழுந்து கிடக்கும் கமுகம்பாளையிலும் வளர்வது ஏடிஸ் அல்போபிக்டஸ். இந்தத் தோட்டக் கொசுவை நாம் ரொம்ப நாள் சாதாரணமாக நினைத்திருந்தோம். 2006, 2007-இல் கேரளத்தில் சிக்குன்குனியா பரவியபோதுதான் அது என்ன செய்யும் என்று தெரிந்தது. 2007-இல் அங்கே எடுத்த வைரஸில் ஒரு சின்ன மரபணு மாற்றம் இருந்தது. அந்த மாற்றத்தால் வைரஸ் தோட்டக் கொசுவின் உடலில் முன்பைவிட எளிதாகப் பெருகியது. ரப்பர்க் காடும் மாறிய வைரஸும் சேர்ந்துகொண்டன. அதே ரப்பர்க் காடு எல்லைக்கு இந்தப் பக்கமும் தொடர்ச்சியாக நிற்கிறது.

இதற்கு என்ன செய்வது? பால் வெட்டு நிற்கும் நாளில் கப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். வெட்டுக்காரருக்கு அரை நாள் கூலி கொடுத்தால் முடிகிற வேலை. வீட்டிலோ, முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் எல்லாத் தண்ணீர்ப் பாத்திரத்தையும் கவிழ்த்துக் காய வைத்தால் புழு கொசுவாகாது. ஒன்றை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள்: பாத்திரத்தின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை தண்ணீர்க் கோட்டுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் அந்த முட்டைக்கு நாமே தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததாகும்.

கொசுவுக்குப் புகை அடிக்கச் சொல்லி மனு கொடுப்பதிலேயே பல ஊர்களில் ஆற்றல் எல்லாம் போய்விடுகிறது. அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் இருக்கும் கொசுவுக்கும் பெரும்பாலும் எட்டாது. சில நாளில் புதுக்கொசு வந்துவிடும். டெங்கு வெடித்துப் பரவும் நேரத்தில் ஒரு அவசரக் கருவி என்ற அளவுக்குத்தான் அதற்கு இடம். மாறாக, நிகராகுவாவிலும் மெக்சிகோவிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2015-இல் முடிவு வெளியானது. ஊர் மக்களே வீடு வீடாகப் போய், புழு எங்கே வளர்கிறது என்று காட்டி, மருந்து எதுவும் சேர்க்காமல் தாங்களே அழித்தார்கள். அப்படிச் செய்த பகுதிகளில் குழந்தைகளுக்கு டெங்குத் தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. முப்பதுதானா என்று தோன்றலாம். புகை அடிக்கும் வண்டிக்கு இந்த அளவுக்குக்கூட உறுதியான சான்று கிடையாது. ஒரு வீட்டில் மட்டும் இதைச் செய்தால் பெரிய பலன் இருக்காது, ஏனென்றால் ஏடிஸ் கொசு நூறு, இருநூறு மீட்டர் சாதாரணமாகப் பறக்கும். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள இருபது, முப்பது வீடுதான் உங்கள் எல்லை.

டெங்குவோ என்று சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். விட்டுவிட்டது என்று நினைக்கும்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், மயக்கம் இதில் எது வந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது, சீரகமோ சுக்கோ போட்டுக் காய்ச்சிய வெள்ளம் (குடிதண்ணீரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) குடிப்பது. ஆனால் அந்த நிறத்தை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. நான் வேலையில் இருந்தபோது ஓர் ஊரில் ஒரே வாரத்தில் பலருக்கு மஞ்சள்காமாலை வந்தது. கிணறு கிணறாகச் சோதித்தோம். பிறகுதான் ஒன்று உறைத்தது. ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள் வரை ஆகும், சராசரியாக நாலு வாரம். அப்படியானால் இந்த வாரக் கிணற்றைப் பார்த்துப் பயனில்லை, போன மாதம் எங்கே குடித்தார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டபோது எல்லோரும் ஒரே கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சமையல்காரர் ஒரு பெரிய அண்டாவில் சீரக வெள்ளத்தை நன்றாகவே காய்ச்சியிருந்தார். கூட்டம் அதிகமானதும், சூடு ஆறட்டும் என்று பாதிக்குப் பாதி பச்சைக் கிணற்று வெள்ளத்தைச் சேர்த்துவிட்டார். நிறமும் மணமும் மாறவில்லை, இளஞ்சூடும் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்றும் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் இளஞ்சூட்டில் சீரக வெள்ளம் வந்தால் நான் குடிப்பதில்லை. ஒன்று ஆவி பறக்க வேண்டும், இல்லையென்றால் காய்ச்சி ஆற வைத்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சுவதற்கு இருபது நிமிடம் எல்லாம் வேண்டாம். தளதளவென்று ஒரு கொதி வந்தாலே குடிதண்ணீரில் பரவும் கிருமிகள் போய்விடும். விறகும் கேஸும் விற்கும் விலையில், தேவைக்கு மேல் காய்ச்சச் சொன்னால் நாளடைவில் காய்ச்சுவதையே விட்டுவிடுவார்கள். கொதித்ததை அதே பாத்திரத்தில் மூடி ஆற வைத்து, டம்ளரை உள்ளே முக்காமல் ஊற்றிக் குடியுங்கள்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதில் கண்திட்டம் வேண்டாம், கணக்கு எளிது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்றால் இந்தக் கிணற்றுக்கு 24 கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணறாக இருந்தால் இரு மடங்கு, கிட்டத்தட்ட 50 கிராம். பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் தண்ணீர் பாதுகாப்பானது. இரவில் போட்டுக் காலையில் இறைப்பது வசதி. நம் கடற்கரை ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். போன வருடத்து மூட்டையில் மணமே இல்லை என்றால் அதைக் கிணற்றில் போட்டு நிம்மதி அடைய வேண்டாம். கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். பத்து சென்ட்டில் அது நடக்காது, அதனால்தான் இங்கே காய்ச்சிக் குடிப்பதைக் கட்டாயம் என்கிறேன்.

கழிவுநீர் விஷயத்தில் ஒரு வீட்டின் சுத்தம் எவ்வளவு போதாது என்பதற்கு ஒடிசாவில் ஓர் ஆய்வு உண்டு. நூறு கிராமங்களை எடுத்து, பாதியில் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. ஆனால் 2014-இல் வெளியான முடிவில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவே இல்லை. முதலில் படித்தபோது எனக்கு மனம் உடைந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. நூறில் முப்பத்தேழு வீட்டுக் கழிவு வெளியே போகிறது, கட்டியவர்களிலும் பலர் பயன்படுத்தவில்லை. ஊர் மண்ணும் தண்ணீரும் அப்படியேதான் இருந்தன. நம் மாவட்டத்தில் கழிப்பறை இல்லாத வீடு இப்போது அரிது. ஆனால் குழியின் வழிந்தோடும் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சானலுக்கு, அதாவது கால்வாய்க்குத்தான். 1860-களில் படகு போவதற்காக வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், குளச்சல், மண்டைக்காடு பக்கத்தில் இன்று சாக்கடையாகக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில் கழிவுநீரைச் சுமக்கும் பழையாறும் அப்படித்தான். படகு போன நீரில் இன்று கை நனைக்க முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. இங்கே வீடு வீடாகச் செய்ய ஒன்றுமில்லை. கால்வாயின் தலையிலிருந்து வால் வரை எல்லா ஊராட்சியும் சேர்ந்தால்தான் உண்டு.

எலிக்காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தடுக்கக்கூடியதாக இருந்தும் ஆளைக் கொல்வது இது. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, சின்னக் கீறல், கண், வாய் வழியே உள்ளே போகும். ஏலாவில் (வயல்வெளியில்) நடவு நடுபவர்கள், சானல் தூர் வாரும் நூறு நாள் வேலைக்காரர்கள், மாட்டுத்தொழுவம் கழுவும் பெண்கள், கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட குட்டையில் இறங்குபவர்கள், இவர்கள்தான் முதலில் படுப்பார்கள். 2021 நவம்பர் வெள்ளம்போல ஒன்று வந்தால் வீட்டுக்குள் சேறு அள்ளும் எல்லோருக்குமே இந்த ஆபத்து உண்டு.

இதற்கு ஒரு மலிவான மாத்திரை இருக்கிறது, டாக்சிசைக்ளின். 1980-களில் பனாமா காட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படைவீரர்களில் ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். கொடுக்காத பிரிவில் 4.2 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, கொடுத்த பிரிவில் 0.2 சதவீதம். அந்தமானில் பிறகு நடந்த ஆய்வு அவ்வளவு அழகாக இல்லை. கிருமி உள்ளே போவதை மாத்திரை தடுக்கவில்லை, ஆனால் நோயாக மாறியவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள். எங்கும் தண்ணீர் சூழ்ந்த அந்தமான் ஊர் நம் ஏலாவுக்கு நெருக்கமானது என்பதால் இரண்டாவது முடிவைத்தான் நான் கணக்கில் வைப்பேன். அதாவது மாத்திரையும் வேண்டும், பூட்ஸும் கையுறையும் வேண்டும். சேற்று வேலை நடக்கும் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, உணவுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இது கூடாது.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட்டால் வலி, கண் சிவப்பு, பிறகு கண் மஞ்சள், சிறுநீர் குறைவு என்று வந்தால் மருத்துவரிடம், "பத்து நாளுக்கு முன்னால் வயலில் இறங்கினேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பலர் காய்ச்சல் என்று மட்டும் சொல்கிறார்கள். மஞ்சளைக் கண்டு கீழாநெல்லி சாப்பிட்டு நாலு நாள் வீட்டில் இருந்த ஒருவரை நான் கடைசியில் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் பார்த்தேன். தொடக்கத்திலேயே வந்திருந்தால் சாதாரண நோய் எதிர்ப்பு மருந்திலேயே குணமாகியிருப்பார்.

இனி மணல். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சும் மற்ற இடங்களைவிட அதிகம். இது உண்மை. ஆனால் அது காய்ச்சலைக் கொண்டுவராது, உங்கள் தெருக் காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புற்றுநோய்தான் மக்களின் உண்மையான பயம். இதேபோன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2009-இல் வெளியான முடிவில், அதிகக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று காணப்படவில்லை. அதே மக்களிடம் நடந்த ஆய்வுகளில் வாய்ப் புற்றுநோயைத் தெளிவாகக் கூட்டியது புகையிலை மெல்லும் பழக்கம், நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது பீடி. முறுக்கானில் (வெற்றிலை பாக்கில்) புகையிலை சேர்ப்பவர் அதை விட்டால் கிடைக்கும் பாதுகாப்பு, வீட்டை மணலிலிருந்து தள்ளிக் கட்டுவதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் இந்த ஆய்வு இயற்கையாகக் கிடக்கும் மணலைப் பற்றியது. மணலைத் தோண்டிப் பிரிக்கும் இடத்துத் தூசியும் தொழிலாளர் வாங்கும் அளவும் தனிக் கேள்வி. அதை அளந்து மக்களுக்குச் சொல்லக் கேட்பது நம் உரிமை.

   

ஊராகச் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி மக்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கினார்கள். காலரா வரும், கொள்ளைநோய் வரும் என்று எல்லோரும் நடுங்கினோம். முகாம்களில் தொட்டிக்குத் தொட்டி குளோரின் பார்த்தார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள், கழிப்பறைகளை உடனே அமைத்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. அந்த நாட்களில் இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் லாரியின் குளோரினைச் சோதித்தவர்களில் தேவாலயப் பங்குப்பேரவை இளைஞர்களும் உண்டு. படிப்பு, மருந்து எல்லாவற்றையும்விட அன்று உதவியது, ஒரு தொட்டிகூட விடுபடக் கூடாது என்ற பிடிவாதம்.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். யாருக்கு, எந்த வீட்டில், எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது, அவர் என்ன வேலை செய்கிறார், எந்தக் கிணற்றில் குடிக்கிறார், மஞ்சள் இருந்ததா, மூட்டுவலி இருந்ததா என்று எழுதி வாருங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் சில நாள் இடைவெளியில் வந்தால் கொசுவாக இருக்கலாம். வயல் வேலைக்காரர்களுக்கு மட்டும் வந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். மஞ்சளோடு ஒரே வாரத்தில் பலர் என்றால் ஒரு மாதம் முன்னால் எங்கே கூடினார்கள் என்று பாருங்கள். உறுதி செய்வது இரத்தப் பரிசோதனைதான், ஆனால் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அந்த நோட்டு காட்டும். அதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். மார்ச் 22 சபையில் ஜூன் மழைக்கு முன்னால் சானல் தூர் வாரவும் ரப்பர் விளைக்காரர்களைக் கூட்டிப் பேசவும் கேளுங்கள். ஆகஸ்ட் 15 சபையில் வடகிழக்கு மழைக்கு முன்னால் மேல்நிலைத் தொட்டியின் குளோரின் அளவைத் தினமும் எழுதிப் பலகையில் ஒட்டவும், சேற்று வேலைக்குப் போகும் அணிகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கவும் கேளுங்கள். வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். தேதியும் வீட்டு எண்ணும் எழுதிய நோட்டை மேசையில் வைத்தால் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம். நோட்டில் ஒரு பிரதியை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.